வோல்ட், ஆம்பியர் தெரிந்தால் ஓம், வாட் கணக்குப் போடுவது எப்படி? வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஒரு வழிகாட்டி

கணக்கு இரண்டே வரி. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, ஓம் அளவில் வரும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் மின்திறன், வாட் அளவில் வரும். முதல் வரியை ஜெர்மனியின் கியோர்க் ஓம் 1827இல் புத்தகமாகப் போட்டுவிட்டார். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். பெருக்கல், வகுத்தலில் யாரும் தவறுவதில்லை. மீட்டரை எந்த இடத்தில் வைத்தோம், சாமான் ஓடும்போது பார்த்தோமா ஓடாதபோது பார்த்தோமா, அது சூடாக்கும் சாமானா சுற்றும் சாமானா என்பதில்தான் தவறு நடக்கிறது. வாட்டர் ஹீட்டர் ராடுக்குச் சரியாக வரும் கணக்கு போர் மோட்டாருக்கு வராது. அதனால் ராடில் ஆரம்பித்து, மோட்டாருக்குப் போவோம்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு கிளாம்ப் மீட்டர், அதாவது வயரை வெட்டாமல் வெளியிலிருந்தே வாயால் கவ்வி ஆம்பியர் காட்டும் மீட்டர். அதிலேயே வோல்ட்டும் ஓமும் பார்க்க முடியும் என்றால் தனியாக மல்டிமீட்டர் தேவையில்லை. வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். மீட்டரின் முகப்பில் ‘கேட் 3, 600 வோல்ட்’ என்ற பாதுகாப்புத் தரக் குறி இருக்க வேண்டும். மூன்று பேஸ் லைனில் கை வைப்பதற்கு அதுதான் குறைந்தபட்சம். அடுத்தது, 20 அல்லது 40 ஆம்பியர் வரை காட்டும் சின்ன ரேஞ்ச். 400 ஆம்பியர் ரேஞ்ச் மட்டும் உள்ள மீட்டரில் கிரைண்டர் இழுக்கும் முக்கால் ஆம்பியரை நம்பிப் படிக்க முடியாது.

சாதாரண மல்டிமீட்டரில் 10 ஆம்பியர் என்று தனியாக ஒரு துளை இருக்கும். வீட்டு லைனில் அதைப் பயன்படுத்தவே வேண்டாம். ஆம்பியர் பார்க்கும் நிலையில் மீட்டர் என்பது கிட்டத்தட்ட ஒரு வெறும் கம்பி. அந்த நிலையிலேயே மறந்துபோய் பிளக் பாயின்ட்டில் மீட்டர் வயரின் இரண்டு முள்ளையும் வைத்தால் நேரடி ஷார்ட் சர்க்யூட். விலை குறைந்த மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃபியூஸும் கிடையாது. மீட்டர் வெடிக்கும், கையும் வெந்துபோகும்.

கிளாம்ப் மீட்டருக்கு ஒரே ஒரு வயர்தான் வாய்க்குள் இருக்க வேண்டும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். மீட்டர் பூஜ்ஜியம் காட்டும். சாமானின் வயரில் மூன்று கம்பியும் ஒரே உறைக்குள் இருப்பதால் இதற்கென்று ஒரு அளவு வயர் செய்துகொள்வது நல்லது. 16 ஆம்பியர் பிளக் டாப் ஒன்று, இரண்டு 16 ஆம்பியர் சாக்கெட் உள்ள பெட்டி ஒன்று, 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்றிலும் ஒவ்வொரு மீட்டர். மூன்றையும் தனித்தனி வயராகவே பிளக்கிலிருந்து பெட்டிக்குக் கொண்டுபோய், இரண்டு முனையிலும் மட்டும் டேப் சுற்றுங்கள். நடுவில் சிவப்பு தனியாகத் தொங்கட்டும். கிளாம்ப் அதில் விழும். பெட்டியில் ஒரு சாக்கெட்டில் சாமான், இன்னொன்றில் மீட்டரின் முள். இப்படி வைத்தால் வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். மிகச் சின்ன கரண்டு என்றால் சிவப்பு வயரை நீளமாக விட்டு, கிளாம்ப் வாய்க்குள் பத்துச் சுற்று சுற்றி, வரும் எண்ணைப் பத்தால் வகுத்துக்கொள்ளலாம்.

மீட்டரின் பேட்டரியை மறக்காதீர்கள். பேட்டரி இறங்கிய மலிவு மீட்டர்கள் வோல்ட்டைக் கூட்டிக் காட்டும். லைனில் 260 வோல்ட் வருகிறது என்று பயப்படும் முன் புது பேட்டரி போட்டுப் பாருங்கள்.

முதல் பயிற்சி: 1500 வாட் ராடு

ராடு நல்ல பாடச் சாமான். உள்ளே இருப்பது நிக்ரோம் கம்பி. சூடானாலும் அதன் மின்தடை பெரிதாக மாறாது. அதனால் இரண்டு வரிக் கணக்கு அப்படியே பொருந்தும்.

1. ராடைக் கரண்டில் சேர்க்காமல் ஓம் பாருங்கள். முதலில் மீட்டரின் இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொட்டு வைத்தால் 0.4 ஓம் போல ஏதாவது காட்டும். அது முள் வயரின் தடை. பிறகு பிளக்கின் இரண்டு சின்னப் பின்களில் வையுங்கள். 35.7 வந்தால் 0.4ஐக் கழித்து 35.3 ஓம்.

2. அதே பிளக்கில் பெரிய எர்த் பின்னுக்கும் ஒவ்வொரு சின்னப் பின்னுக்கும் நடுவே பாருங்கள். எந்த எண்ணும் வரக் கூடாது. ஏதாவது ஓம் காட்டினால் ராடு கசிகிறது, தூக்கிப் போட்டுவிடுங்கள். எண் வரவில்லை என்பதற்காக முழுக்க நம்பவும் வேண்டாம். மல்டிமீட்டர் சோதிப்பது சில வோல்ட்டில். ஈரம் இறங்கிய ராடு 230 வோல்ட்டில்தான் கசிவைக் காட்டும். அதைப் பிடிக்க, அதிக வோல்ட் கொடுத்துக் கசிவு பார்க்கும் 500 வோல்ட் மெக்கர் மீட்டர் வேண்டும்.

3. பிளாஸ்டிக் வாளியில் ராடின் குறி வரைக்கும் தண்ணீர் நிரப்பி, ராடைத் தொங்கவிட்டு, அளவு வயரில் செருகுங்கள். சுவிட்ச் போடும் முன் வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 224 என்று வைப்போம்.

4. சுவிட்ச் போட்டு ஒரு நிமிடம் கழித்து வோல்ட்டை மறுபடி பாருங்கள்: 212. ஆம்பியர்: 6.0. சுவிட்ச் ஆனில் இருக்கும்வரை தண்ணீரிலோ வாளியிலோ கை வைக்கக் கூடாது. சூடு வந்துவிட்டதா என்று விரல் விட்டுப் பார்க்கும் பழக்கம் உயிரையே பறிக்கலாம்.

இப்போது கணக்கு. 212 ÷ 6.0 = 35.3 ஓம். பிளக்கில் பார்த்ததோடு ஒத்துப்போகிறது. 212 × 6.0 = 1272 வாட்.

அட்டையில் 1500 வாட் என்று போட்டிருக்கிறதே, ஏமாற்றிவிட்டார்களா? இல்லை. 1500 என்பது 230 வோல்ட்டுக்கான எண். சூடாக்கும் சாமானில் மாறாமல் இருப்பது ஓம்தான். வாட் மாறிக்கொண்டே இருக்கும். வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி ஓமால் வகுத்தால் எந்த வோல்ட்டுக்கும் வாட் கிடைக்கும்: 230 × 230 ÷ 35.3 ஏறத்தாழ 1500. அதே ராடு 180 வோல்ட்டில் 180 × 180 ÷ 35.3, அதாவது 918 வாட். 20 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுபோக 1500 வாட்டில் 19 நிமிடம் போதும். 918 வாட்டில் அரை மணி நேரம். காலையில் எல்லா வீட்டிலும் ராடு ஓடும்போது தண்ணீர் சீக்கிரம் காயாததற்கு ராடில் கோளாறு தேட வேண்டியதில்லை.

இன்னொன்றும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. 1500 வாட் ராடு 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் சின்ன பிளக் பாயின்ட்டில் செருகக் கூடாது. அயர்ன் பாக்ஸ் 1000 வாட் என்றால் 4.3 ஆம்பியர், அது சின்னப் பாயின்ட்டில் ஓடலாம். 2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர், 16 ஆம்பியர் பாயின்ட் கட்டாயம்.

காணாமல்போன 12 வோல்ட்

மேலே சுவிட்ச் போடும் முன் 224, போட்ட பின் 212. பலர் முதலில் பார்த்த 224ஐ வைத்தே கணக்குப் போடுவார்கள். 224 × 6.0 = 1344 வாட். உண்மையில் ராடு எடுத்தது 1272. இடையில் 72 வாட் எங்கே போனது? வழியில் இருக்கும் கம்பியில். 12 வோல்ட்டை 6 ஆம்பியரால் வகுத்தால் 2 ஓம். கம்பத்திலிருந்து உங்கள் பிளக் வரை வரும் வழியின் மொத்தத் தடை அது. ஆம்பியரை ஆம்பியராலும் பிறகு ஓமாலும் பெருக்கினால் 6 × 6 × 2 = 72 வாட். கணக்கு ஒரு வாட் பிசகாமல் முடிகிறது. இந்தக் கணக்கைத்தான் புதிதாகப் பழகுபவர் முதலில் கைவசப்படுத்த வேண்டும். மீட்டர் கடைக்காரர் சொல்லித்தராத, ஆனால் தினமும் உதவும் கணக்கு இது.

கொங்குப் பக்கத்தில் இது சாதாரண விஷயமும் இல்லை. ஊருக்குள் தெருவோடு ஒட்டிய வீடு என்றால் கம்பம் வாசலில் இருக்கும். தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, கரண்டு கம்பத்திலிருந்து நூறு மீட்டர், அதற்கு மேலும் காட்டுக்குள் இழுத்துவந்த சர்வீஸ் வயரில் வருகிறது. 4 சதுர மில்லிமீட்டர் அலுமினிய வயருக்குக் கிலோமீட்டருக்கு 7.41 ஓம். நூறு மீட்டர் என்றால் போக வர 200 மீட்டர், 1.5 ஓம் அங்கேயே போய்விட்டது. மீதி அரை ஓம் வீட்டு வயரிங்.

இந்த 2 ஓம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க, ராடு ஓடும்போதே மெயின் போர்டில் வோல்ட் பாருங்கள். அங்கே 215, பிளக்கில் 212 என்றால் 9 வோல்ட் வெளியே சர்வீஸ் வயரில் இறங்குகிறது. வீட்டுக்குள் 3 வோல்ட் மட்டும். ஆபத்து இல்லை. மாறாக மெயின் போர்டில் 221, பிளக்கில் 212 என்றால் 9 வோல்ட் வீட்டுக்குள் தொலைகிறது. 9 × 6 = 54 வாட். அந்தச் சூடு முழுக்க ஏதோ ஒரு தளர்ந்த ஸ்குரூவிலோ, சுவிட்சுக்குள் கருகிய காண்டாக்ட்டிலோ, முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டிலோ ஒரே இடத்தில் இறங்குகிறது. சாக்கெட் பழுப்பேறி, பிளக்கைப் பிடுங்கினால் பின் சுடுவது இதனால்தான். மெயினை ஆஃப் செய்துவிட்டு ஜாயின்ட்டைத் தேடுங்கள். ஓம் மீட்டரில் இதைப் பிடிக்க முடியாது. கரண்டு இல்லாதபோது அந்த ஜாயின்ட் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும்.

உங்கள் கணக்கு சரியா என்று ஈபி மீட்டரிலேயே சரிபார்க்கலாம். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று வைப்போம். வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்தி, ராடை மட்டும் ஓடவிட்டு, சிவப்பு விளக்கு 20 முறை மினுக்க எத்தனை நொடி ஆகிறது என்று செல்போனில் பாருங்கள். 36 லட்சத்தை 20ஆல் பெருக்கி, 3200ஆலும் நொடியாலும் வகுத்தால் வாட். 17.4 நொடி வந்தால் 1293 வாட். மீட்டர் போர்டுக்கும் பிளக்குக்கும் நடுவே வயரிங்கில் போகும் வாட்டையும் அது சேர்த்துக் காட்டும் என்பதால் கொஞ்சம் கூடுதலாக வருவது சரிதான்.

ஓம் பார்த்து வாட் சொல்ல முடியாத சாமான்கள்

பழைய 100 வாட் குண்டு பல்பை எடுத்து ஓம் பார்த்தால் 40 ஓம் சுமாருக்குக் காட்டும். 230 × 230 ÷ 40 போட்டால் 1300 வாட்டுக்கு மேல் வருகிறது. அபத்தம். டங்ஸ்டன் இழை ஒளிரும்போது அதன் தடை 529 ஓம். குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எல்இடி பல்பு, பிஎல்டிசி ஃபேன், செல்போன் சார்ஜர் இவற்றில் உள்ளே மின்னணுச் சர்க்யூட் இருப்பதால் ஓமுக்கு அர்த்தமே கிடையாது. பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்றுதான் வழி.

கிரைண்டர், மிக்ஸி, மோட்டார் பக்கம் வந்தால் வேறு ஒரு சிக்கல். டேபிள் டாப் கிரைண்டர் ஒன்று 230 வோல்ட்டில் 0.9 ஆம்பியர் காட்டுகிறது. பெருக்கினால் 207. பெட்டியில் 150 வாட் என்று போட்டிருக்கும். இரண்டும் சரிதான். 207 என்பது வோல்ட் ஆம்பியர். மோட்டார் காயிலில் கரண்டு வோல்ட்டுக்குப் பின்தங்கி வருவதால் அதில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. அந்தப் பங்குதான் பவர் ஃபேக்டர். இங்கே 0.7 என்று எடுத்தால் 207 × 0.7 = 145 வாட். ராடு, அயர்ன் பாக்ஸ், கீசர் எல்லாவற்றுக்கும் பவர் ஃபேக்டர் 1. அதனால் அங்கே இந்தத் தலைவலி இல்லை. மோட்டார் பிளேட்டில் அச்சிட்டிருக்கும் பவர் ஃபேக்டர் முழு லோடுக்கானது. வெறுமனே சுற்றும் மோட்டாருக்கு அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். தறிக் குடோனில் இதை நன்றாகப் பார்க்கலாம்: மூன்று பேஸ் தறி மோட்டார் ஒன்று (1.732 வரும் கணக்கு அடுத்த பகுதியில்) 410 வோல்ட்டில் 1.6 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.7 என்றால் 1.732 × 410 × 1.6 × 0.7, அதாவது 795 வாட். எட்டுத் தறிக்கு 6.4 கிலோவாட், பத்து மணி நேரம் ஓடினால் 64 யூனிட். 0.7ஐ விட்டுவிட்டுப் பெருக்கியவர் 91 யூனிட் என்று சொல்லி, மீட்டர் சரியில்லை என்று சண்டைக்குப் போவார்.

போர் மோட்டார்: இங்கேதான் கணக்கு தலைகீழ்

மூன்று பேஸுக்கு வாட் = 1.732 × இரண்டு பேஸுக்கு நடுவே உள்ள வோல்ட் × ஒரு வயரில் ஓடும் ஆம்பியர் × பவர் ஃபேக்டர். 5 எச்பி சப்மெர்சிபிள் ஒன்று 400 வோல்ட், 8.2 ஆம்பியர், 0.82 என்றால் 4658 வாட். 5 எச்பி என்றால் 746ஆல் பெருக்கி 3730 வாட்தானே என்று கேட்கலாம். அது தண்டு வெளியே தரும் வேலை. லைனிலிருந்து இழுப்பது அதைவிட அதிகமாகத்தான் இருக்கும். மீதி சூடாகவும் உராய்வாகவும் போகிறது.

மின்தடைக்கு வருவோம். 400 ÷ 8.2 போட்டால் 49 வருகிறது. மோட்டாரை நிறுத்தி காயிலில் ஓம் பார்த்தால் 3 ஓம், 4 ஓம் காட்டும். மீட்டர் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். சுற்றும் மோட்டார் தானே ஒரு எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கிக் கரண்டைத் தடுத்துவைக்கிறது. சுற்றாமல் சிக்கிக்கொண்டால் அந்தத் தடுப்பு போய்விடும். கரண்டு ஐந்தாறு மடங்கு ஏறும். அதனால் மோட்டாரில் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்துக் காயில் நன்றாக இருக்கிறதா என்று சொல்லவே முடியாது. காயில் ஓமை மீட்டரில் நேரடியாகத்தான் பார்க்க வேண்டும்.

லோ வோல்டேஜிலும் ராடும் மோட்டாரும் எதிரெதிர். வோல்ட் குறைந்தால் ராடு குறைவாக இழுக்கும். மோட்டார் அதே தண்ணீரைத் தூக்க வேண்டியிருப்பதால் கூடுதலாக இழுக்கும். அதே 4658 வாட் 340 வோல்ட்டில் என்றால் 9.65 ஆம்பியர். 8.2இலிருந்து 9.65க்கு ஏறியது 18 சதவீதம்தான். ஆனால் காயிலில் சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும்: 38 சதவீதம் கூடுதல். “ஆம்ஸ் ஒன்றரைதானுங்களே கூட இழுக்குது” என்று விட்டுவைத்த மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போவது இப்படித்தான். ஆம்பியர் மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஸ்டார்ட்டர் ரிலேவை, அது அடிக்கடி விழுகிறது என்பதற்காகத் திருகி மேலே ஏற்றிவைப்பது காயிலைக் கொளுத்தும் வேலை.

காயில் ஓம் பார்க்கும் முறை: மெயின் சுவிட்சை இறக்குங்கள். அது போதாது, ஃபியூஸ் மூன்றையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஆட்டோ ஸ்டார்ட்டர் உள்ள மோட்டார் ரூமில் மூன்று பேஸ் வந்ததும் மோட்டார் தானே ஏறும். மொபைல் ஸ்டார்ட்டர் என்றால் வீட்டிலிருந்து யாராவது போன் போட்டுவிடுவார்கள். கெபாசிட்டர் இருந்தால் அதன் இணைப்பையும் கழற்ற வேண்டும். பிறகு போருக்குள் போகும் மூன்று கேபிள் முனையையும் ஸ்டார்ட்டரிலிருந்து எடுத்து, இரண்டிரண்டாகப் பாருங்கள். வந்த எண்ணிலிருந்து முள் வயரின் 0.4ஐக் கழிக்க மறக்க வேண்டாம்.

சிவப்பு-மஞ்சள் 7.6, மஞ்சள்-நீலம் 7.5, நீலம்-சிவப்பு 7.6 என்றால் நல்லது. மூன்றும் ஒத்திருப்பதுதான் முக்கியம். சிவப்பு-மஞ்சளும் மஞ்சள்-நீலமும் 9.8, நீலம்-சிவப்பு மட்டும் 7.6 என்றால் இரண்டு உயர்ந்த எண்ணிலும் பொதுவாக இருக்கும் மஞ்சளில் கோளாறு. பெரும்பாலும் மோட்டார் தலைக்கு மேலே போட்ட கேபிள் ஜாயின்ட்டாகத்தான் இருக்கும். ஏதாவது ஒரு ஜோடியில் மட்டும் எண் கணிசமாகக் குறைந்தால் காயிலுக்குள் ஷார்ட். ஒரு வயர் மட்டும் மற்ற இரண்டோடும் எண்ணே காட்டாமல் ஒதுங்கினால் அந்த வயர் அறுந்திருக்கிறது.

அந்த 7.6 ஓமில் பாதிக்கு மேல் கேபிள்

பல்லடம், காங்கேயம் பக்கம் 800 அடிக்குக் கீழே மோட்டார் இறக்குவது சர்வசாதாரணம். போரிலிருந்து மோட்டார் ரூம் வரை ஒரு நூறு அடி சேர்த்தால் 900 அடி, அதாவது 274 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளுக்குக் கிலோமீட்டருக்கு 7.98 ஓம். 274 மீட்டருக்கு ஒரு கம்பியில் 2.19 ஓம். இரண்டு கம்பி வழியாக அளப்பதால் 4.4 ஓம். 7.6இல் அதைக் கழித்தால் காயில் 3.2 ஓம்தான். கேபிள் நீளம் தெரியாமல் காயில் ஓமைப் பற்றிப் பேசுவதில் பயன் இல்லை.

மோட்டார் ஓடும்போது இந்தக் கேபிளில் தொலைவது எவ்வளவு? மூன்று கம்பிக்கும் சேர்த்து 3 × 8.2 × 8.2 × 2.19, அதாவது 442 வாட். வோல்ட் இறக்கம் 1.732 × 8.2 × 2.19 × 0.82, சுமார் 25 வோல்ட். ஸ்டார்ட்டரில் 400 இருந்தாலும் கீழே மோட்டாருக்குக் கிடைப்பது 375தான். 4 சதுர மில்லிமீட்டர் கேபிளில் (கிலோமீட்டருக்கு 4.95 ஓம்) 16 வோல்ட்டும் 274 வாட்டும் போகும், 6இல் (3.30 ஓம்) 10 வோல்ட், 182 வாட். விவசாய இணைப்புக்குக் கரண்டு பில் இல்லை என்பதால் இந்த 442 வாட்டை யாரும் கண்டுகொள்வதில்லை. பில்லில் வராத செலவு காயில் கட்டும் கூலியிலும் குறைந்த தண்ணீரிலும் வருகிறது. லைனில் ஏற்கெனவே 360க்கு இறங்கும் ஊரில் மெல்லிய கேபிள் இறக்குவது வீண். ஆழம் கூடக் கூட மோட்டார் எச்பியை ஏற்றும் முன் கேபிளை ஏற்றுங்கள்.

ஆம்பியர் தவறாகப் படிக்கும் இரண்டு இடங்கள்

பெரிய மோட்டார்களில், முதலில் குறைந்த வோல்ட்டில் கிளப்பிப் பிறகு முழு வோல்ட்டுக்கு மாற்றும் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் இருக்கும். மோட்டாருக்கு ஆறு வயர் போகும். ஓடும்போது அந்த ஆறில் ஒன்றைக் கவ்வினால் லைன் ஆம்பியரில் 58 சதவீதம்தான் காட்டும். ஸ்டார்ட்டருக்குள் வரும் வயரில் 15 ஆம்பியர் என்றால் வெளியே போகும் வயரில் 8.7. “10 எச்பி மோட்டார் 8.7 ஆம்ஸ்தானுங்க இழுக்குது” என்று மகிழ வேண்டாம். மேலே சொன்ன 1.732 கணக்குக்கு உள்ளே வரும் வயரைத்தான் கவ்வ வேண்டும்.

இன்னொன்று, மூன்றாவது பேஸ் இல்லாதபோது கெபாசிட்டர் வைத்து இரண்டு பேஸில் மோட்டார் ஓட்டுவது. அப்போது மூன்று வயரிலும் ஆம்பியர் வேறு வேறாக இருக்கும், 1.732 கணக்கு செல்லாது. எதைப் பெருக்கினாலும் வாட் வராது. அதிகம் இழுக்கும் வயரின் ஆம்பியர் மோட்டார் பிளேட்டில் உள்ளதைத் தாண்டுகிறதா என்பதை மட்டும் பாருங்கள்; தாண்டினால் நிறுத்திவிடுங்கள்.

மூன்று பேஸும் இருந்தும் ஆம்பியர் ஒத்துவரவில்லை என்றால் முதலில் வோல்ட் மூன்றையும் குறியுங்கள். 405, 398, 385 என்றால் சராசரி 396. அதிகம் விலகுவது 385, விலகல் 11, அதாவது 2.8 சதவீதம். இது சின்ன எண் போலத் தெரியும். வோல்ட்டில் உள்ள இந்த வித்தியாசம் ஆம்பியரில் பல மடங்காகப் பெருகும். குற்றம் லைனிலா மோட்டாரிலா என்று பிரிக்க ஒரு வழி: மெயினை இறக்கி, ஃபியூஸைக் கழற்றிவிட்டு, மோட்டார் கேபிள் மூன்றையும் ஸ்டார்ட்டரில் ஒரு இடம் வரிசையாக நகர்த்துங்கள், முதலாவது இரண்டாவது இடத்துக்கு, இரண்டாவது மூன்றாவதுக்கு, மூன்றாவது முதலுக்கு. மூன்றையும் ஒரே போக்கில் நகர்த்தினால் மோட்டார் சுற்றும் திசை மாறாது. மறுபடி ஓட்டி ஆம்பியர் பாருங்கள். உயர்ந்த ஆம்பியர் அதே லைன் ஃபியூஸில் நின்றால் கோளாறு டிரான்ஸ்ஃபார்மர் பக்கம், லைன்மேனைக் கூப்பிடுங்கள். கேபிளோடு சேர்ந்து அடுத்த இடத்துக்கு நகர்ந்தால் மோட்டாரிலோ கேபிளிலோ.

ஸ்டார்ட்டர் கதவில் எழுதிவைக்க வேண்டியவை

மோட்டார் இறக்கிய அன்றே ஸ்டார்ட்டர் கதவின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதுங்கள்: தேதி, ஓடும்போது மூன்று வோல்ட், மூன்று ஆம்பியர், நிறுத்தியபின் மூன்று ஓம், கேபிள் அளவு, மோட்டார் எத்தனையாவது அடியில் நிற்கிறது. பிறகு சந்தேகம் வரும்போது பழைய எண்ணோடு ஒப்பிடலாம். வோல்ட் அதேதான், ஆம்பியர் ஏறியிருக்கிறது என்றால் மணல் சிக்கியோ பேரிங் போயோ பம்ப் இறுகுகிறது. ஆம்பியர் ஏறி, வோல்ட்டும் இறங்கியிருந்தால் மேலே சொன்ன லோ வோல்டேஜ் கதை. வோல்ட் நன்றாக இருந்து, ஆம்பியர் மூன்றிலும் ஒரே அளவு குறைந்து, மீட்டரில் எண் மேலும் கீழும் ஆடி, குழாயில் தண்ணீரும் காற்றுமாகக் கக்கினால் போரில் தண்ணீர் மட்டம் மோட்டாருக்கு இறங்கிவிட்டது. உடனே நிறுத்தி, இரண்டு மணி நேரம் ஊறவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஆம்பியர் பழைய எண்ணுக்கு ஏறி, சிறிது நேரம் கழித்து மறுபடி விழுந்தால் மோட்டாரில் கோளாறு இல்லை. மேலே தூக்கும் கூலியைக் கொடுக்க வேண்டாம். டைமர் வைத்து, ஊறும் அளவுக்கு ஓட்டினால் போதும்.